கத்தோலிக்கப் பாடசாலையும் பல சமய நாடும்

எமது சங்கத்தின் அங்கத்தவர் இடாப்பில் மேரிகளும் திரேசாக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே பரமேஸ்வரிகளும் சிவகாமிகளும் இருக்கிறார்கள். 1990இல் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்படும்வரை எம்மோடு படித்த பாத்திமாக்களும் இருக்கிறார்கள். கன்னியர் நடத்திய ஒரு கத்தோலிக்கப் பாடசாலையின் பழைய மாணவிகளுள் பெருந்தொகையானோர் கத்தோலிக்கர் அல்லர். இது எமக்குப் பழகிப்போன செய்தி. பழகிப்போனதாலேயே அதன் பின்னாலுள்ள வரலாற்றை நாம் அதிகம் கேட்டதில்லை.

நூற்றாண்டு நிறைவில் அதைக் கேட்டுப் பார்ப்பது பொருத்தம். பல சமயத்தவர் சேர்ந்து வாழும் நாட்டில், எல்லோருடைய வரிப்பணத்திலும் நடக்கும் கல்வித் துறையில், ஒரு சமயத்தின் நம்பிக்கைக்கு என்ன இடம் உண்டு? இந்த மண்ணில் இந்தக் கேள்விக்கு ஒரே விடை இருந்ததில்லை. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக விடை மாறி மாறி வந்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அதன் நடுவில் நின்றவை எமது பாடசாலை போன்ற பாடசாலைகளே.

கன்னியர் வந்த காலம்

பிரான்சின் போர்தோ நகரில் நோவாய் அடிகளார் 1820இல் தொடக்கிய திருக்குடும்ப சபையின் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். அப்போது அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த செமேரியா ஆண்டகை இங்கு ஆயராக இருந்தார். பெண் கல்வியில் கத்தோலிக்கர் முந்திக்கொண்டவர்கள் அல்லர். உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824இலேயே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலையைத் திறந்துவிட்டது. வேறு மொழி, வேறு உணவு, வேறு வெயில் என்று வந்து இறங்கிய இப்பெண்கள் அதற்குப் பின்னரே தம் பணியைத் தொடங்கினர்.

அக்காலத்தில் ஒரு பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தது. அரசு நடத்தும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கட்டும், எந்தச் சபைக்கும் உரிய போதனை அங்கே வேண்டாம் என்றது ஒரு பக்கம். கல்வியையும் சமயத்தையும் பிரிக்க முடியாது, அவரவர் பிள்ளைகளை அவரவர் சமயத்தில் வளர்க்கும் பாடசாலைகளுக்கு அரசு சமமாகப் பணம் கொடுக்கவேண்டும் என்றது மறுபக்கம். இரண்டாவது பக்கத்தின் வலிமையான குரல், 1868இல் யாழ்ப்பாணத்தின் ஆயரான பொன்ஜீன் ஆண்டகையுடையது. 1869இல் பொதுப் போதனாத் திணைக்களம் உருவானது. அதைத் தொடர்ந்து வந்த உதவி நன்கொடை முறை அவருடைய கருத்துக்குப் பெரிதும் இசைவாக அமைந்தது. பாடசாலையை மிஷன் நடத்தும், பணத்தை அரசு கொடுக்கும் என்பதே அந்த முறை.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. கன்னியர் புறப்பட்டு வந்த பிரான்சிலே, 1904இல் துறவற சபைகள் கல்வி கற்பிப்பதையே சட்டம் தடை செய்தது. மறு ஆண்டு அங்கே அரசும் திருச்சபையும் பிரிக்கப்பட்டன. அதே ஆண்டுகளில், புரட்டஸ்தாந்து முடியாட்சியான பிரித்தானியா தன் குடியேற்ற நாடாகிய இலங்கையில் பிரெஞ்சுக் கன்னியரின் பாடசாலைகளுக்கு நன்கொடை கொடுத்துக்கொண்டிருந்தது. அரசுக்கும் சமயத்துக்கும் உள்ள உறவு ஊருக்கு ஊர் வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

அயலவரின் மனக்குறை

நன்கொடை முறை எழுத்தில் எல்லோருக்கும் சமமாக இருந்தது. நடைமுறையில் அது சமமாக இருக்கவில்லை. பணமும் ஆட்களும் அமைப்பும் முன்பே கொண்டிருந்த மிஷன்கள் முன்னால் ஓடின. ஏற்கெனவே ஒரு பாடசாலை இருக்குமிடத்துக்குக் குறிப்பிட்ட தூரத்துக்குள் புதிதாகத் தொடங்கும் பாடசாலைக்கு நன்கொடை இல்லை என்ற விதி பின்னர் வந்தபோது, பிந்தி வந்த சைவருக்கும் பௌத்தருக்கும் கதவு பாதி மூடியது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கியதும், 1888இல் சைவ பரிபாலன சபை எழுந்ததும், 1923இல் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் கிராமம் கிராமமாகப் பாடசாலை அமைக்கப் புறப்பட்டதும் இந்தப் பின்னணியில்தான். தம் பிள்ளை எழுத்துப் படிக்கப் போய்ச் சமயம் மாறி வரக்கூடாது என்பது ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் நியாயமான அச்சம். அதை வெறும் காழ்ப்பு என்று ஒதுக்குவது வரலாற்றுக்கு நீதி ஆகாது.

இன்னொரு குறையையும் சொல்லவேண்டும். பல கன்னியர் மடங்களில் ஒரே வளவுக்குள் இரு பாடசாலைகள் இருந்தன. கட்டணம் கட்டிப் படிக்கும் ஆங்கிலப் பாடசாலை ஒன்று, இலவசமாகப் படிக்கும் தமிழ்ப் பாடசாலை மற்றொன்று. இரண்டும் இரு வேறு எதிர்காலங்களுக்கு வழி காட்டின. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அதனால் தம் பாடசாலைகளின் தனித்துவம் போய்விடும் என்று கத்தோலிக்கத் தலைமை ஐயுற்றது. ஆனால் ஏழைப் பெண்பிள்ளைக்கு உயர்கல்வியின் வாசலைத் திறந்துவிட்டதில் அந்தத் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நற்செய்தி சொல்லும் கடமை ஒன்றை அன்று அரசு முந்திக்கொண்டு செய்தது.

1960: கையைவிட்டுப் போனது

1960 யூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானார். உலகின் முதற் பெண் பிரதமரான அவர் கொழும்பு சென் பிறிஜெற்ஸ் கன்னியர் மடத்தில் படித்தவர். கன்னியரிடம் படித்தும் இறுதிவரை பௌத்தராகவே வாழ்ந்தவர். அவருடைய அரசில் கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுதீன் மஹ்மூத். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கையில் சேர்த்தன. கத்தோலிக்கருடைய பாடசாலைகளோடு, மற்றக் கிறிஸ்தவ சபைகளின் பாடசாலைகளும் சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் போயின.

கொழும்பிலும் மேற்குக் கரையோரத்திலும் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களுக்குள் புகுந்து இரவு பகலாகத் தங்கினர். அவர்களுள் தாய்மார் பெருந்தொகையாக இருந்தனர். 1961 ஜனவரியில் பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிறேசியஸ் வந்து இரு தரப்போடும் பேசிய பின் அந்த முற்றுகை தணிந்தது. பேராயர் தோமஸ் குரேயின் தலைமையிலிருந்த திருச்சபை, இரத்தம் சிந்தாமல் தோல்வியை ஏற்றுக்கொண்டது.

பெரிய பாடசாலைகள் சிலவற்றுக்கு மட்டும் ஒரு தெரிவு கொடுக்கப்பட்டது. அரசிடம் சேரலாம், அல்லது தனியாக நிற்கலாம். தனியாக நின்றால் அரச நன்கொடையும் இல்லை, கட்டணம் அறவிடவும் முடியாது. அப்படி நின்றவற்றுள் எமது பாடசாலையும் ஒன்று.

பணம் எங்கிருந்து வரும்? சிஸ்டர்மார் சம்பளமில்லாமல் கற்பித்தனர். ஆசிரியைகள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கற்பித்தனர். மிச்சத்தைப் பெற்றோரும் பழைய மாணவிகளும் சுமந்தனர். விற்பனை விழா, கலை நிகழ்ச்சி, அதிட்டச் சீட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்து விற்ற பலகாரம் என்று எமது சங்கத்தின் உண்மையான வேலை அந்த ஆண்டுகளிலேதான் தொடங்கியது. தட்டேந்தி நின்றவர்களுள் சைவப் பெண்கள் பலர். தாம் வணங்காத கடவுளின் பெயரால் நடக்கும் பாடசாலை மூடப்படக்கூடாது என்று அவர்கள் நின்றார்கள். அவர்களை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. தம் சமயத்தைத் தொடாமல் தம்மை வளர்த்த இடம் என்ற நம்பிக்கை அவர்களிடம் இருந்தது. நூறாண்டில் கத்தோலிக்கக் கல்விக்கு இந்த நாட்டில் கிடைத்த மிகப் பெரிய அங்கீகாரம் அதுவே என்று நான் கருதுகிறேன். உடைமையும் நன்கொடையும் கையிலிருந்த காலத்தில் அப்படியொரு சோதனை வந்ததுமில்லை, அதற்குச் சான்று கிடைத்ததுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலை

அதே ஆண்டுகளில் திருச்சபையும் உள்ளே மாறிக்கொண்டிருந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைத் தாய்மொழிக்குக் கொண்டுவந்தது. 1965இன் இறுதி மாதங்களில் வெளிவந்த அதன் இரு ஏடுகள் எமது கேள்விக்கு நேரடியாக உரியவை. பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றது ஒன்று. எவரையும் சமய காரியத்தில் வற்புறுத்தக் கூடாது, அது ஒவ்வொரு மனிதருக்கும் உள்ள உரிமை என்றது மற்றையது. கத்தோலிக்கருக்கு உரிமை என்று முன்னர் கேட்ட திருச்சபை, எல்லோருக்கும் உரிமை என்று பேசத் தொடங்கியது.

அந்தப் பாடத்தை நாம் உடனேயே நடைமுறையில் கற்கவேண்டி வந்தது. 1966இல் இலங்கையில் ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டது. பிறைக்கணக்கில் வரும் போயா தினங்கள் வார விடுமுறையாயின. 1971 வரை இது நீடித்தது. அந்த ஆண்டுகளில் ஞாயிற்றுக்கிழமையும் மணி அடித்தது, வகுப்பு நடந்தது. கத்தோலிக்கப் பிள்ளைகள் விடியற்பூசை கண்டுவிட்டுச் சீருடையோடு வந்தார்கள். அதுவரை நாட்டின் நாட்காட்டியே எமது சமயத்துக்கு இசைவாக இருந்தது என்பதை, அது மாறிய பின்னரே பலர் உணர்ந்தனர். வெள்ளிக்கிழமை விரதத்தோடு எம் பக்கத்தில் இருந்து படித்த சைவத் தோழிக்கு, வார விடுமுறை ஒருநாளும் அவளுடைய சமயத்தைக் கேட்டு வந்ததில்லை.

1972இன் அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மையான இடத்தைக் கொடுத்தது. 1978இன் அரசியலமைப்பும் அதைத் தொடர்ந்து, மற்றச் சமயங்களின் உரிமைகளையும் உறுதி செய்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கத்தோலிக்கர் நாட்டு மக்களில் ஏறத்தாழ 6 சதவீதத்தினர். பலமுள்ளவர்கள் தம் சமயத்தை எம் பிள்ளைகள்மேல் சுமத்தக்கூடாது என்று 19ஆம் நூற்றாண்டில் சைவர் கேட்டனர். இன்று சிறுபான்மையினராக நிற்கும் கத்தோலிக்கர் கேட்பதும் அதையேதான். அன்று நாம் அந்த வேண்டுகோளை எப்படிக் கேட்டோம் என்பதை மறக்காமல் இருந்தால்தான் இன்று எமது வேண்டுகோளுக்கு நேர்மை இருக்கும்.

எல்லோருக்காகவும் பேசியவர்கள்

பாடசாலைக்கு வெளியேயும் இந்த மாற்றத்துக்கு முன்மாதிரிகள் இருந்தனர். யாழ்ப்பாணம் சம்பத்திரிசிரியார் கல்லூரியில் படித்துக் குருவான தனிநாயகம் அடிகளார், 1952இல் 'தமிழ் கல்ச்சர்' இதழைத் தொடக்கினார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகக் காரணராக இருந்தார். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரிலும் நான்காவது 1974இல் யாழ்ப்பாணத்திலும் நடந்தன. சங்க இலக்கியத்தையும் திருக்குறளையும் உலகுக்கு எடுத்துச் சொன்ன அவர் அங்கியைக் கழற்றவுமில்லை, மேடையைப் பிரசங்க பீடமாக்கவுமில்லை.

போர்க்காலத்தில் இந்த நம்பிக்கை வேறு விலை கொடுத்தது. மடு ஆலய வளவு பல்லாயிரம் அகதிகளுக்கு இருப்பிடமானது. 1995 யூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தஞ்சம் கேட்டு வந்தவர்களிடம் அங்கே எவரும் ஞானஸ்நானப் பத்திரம் கேட்கவில்லை. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்த எண்ணிக்கையை அவர் அரசின் சொந்தப் புள்ளிவிபரங்களிலிருந்து கணக்கிட்டிருந்தார். கத்தோலிக்கர் எத்தனை பேர், சைவர் எத்தனை பேர் என்று அவர் பிரித்துக் கேட்கவில்லை.

இனி

இன்று பழைய மாணவிகள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ரொறன்ரோவில் இருப்பவர்களின் பிள்ளைகள் மாகாண அரசின் முழுச் செலவில் நடக்கும் கத்தோலிக்கப் பாடசாலைகளில் படிக்கக்கூடும். பாரிசில் இருப்பவர்களின் பிள்ளைகள், வெளிப்படையான சமயச் சின்னங்களை 2004 முதல் சட்டம் அனுமதிக்காத அரச பாடசாலைகளில் படிக்கிறார்கள். இரண்டுமே தம்மை நியாயமான பொது ஒழுங்கு என்றே சொல்கின்றன. எமது பாடசாலை இவ்விரண்டிலும் சேராத ஒரு வழியை, திட்டமிட்டுச் செய்ததைவிட அடிபட்டே கற்றுக்கொண்டது. சிற்றாலயம் நடுவில் இருக்கும், மணியும் அடிக்கும். உள்ளே வருவதும் வராததும் பிள்ளையின் வீட்டார் விருப்பம்.

இந்த வழி தானாக நிலைக்காது. சிஸ்டர்மாரின் தொகை குறைந்து வருகிறது. அதிபர் ஆசனத்தில் துறவறத்தார் இல்லாத நாளும் வரக்கூடும். அப்போது பாடசாலையைக் கத்தோலிக்கப் பாடசாலை என்று சொல்ல வைப்பது எது? பெயர்ப்பலகையும் சுரூபமும் போதுமா? பெறுபேறு குறைந்த பிள்ளைக்கும், காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும், வேறு சமயப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கிறதா என்பதே அன்றைக்கு எமது சங்கம் கேட்கவேண்டிய கேள்வி. அதைக் கேட்கும் உரிமை பரமேஸ்வரிகளுக்கும் பாத்திமாக்களுக்கும் மேரிகளுக்குச் சமமாகவே உண்டு. 1961இல் தட்டேந்தி நின்றவர்கள் அந்த உரிமையைச் சம்பாதித்து வைத்திருக்கிறார்கள்.

அவர்களுள் பலர் இன்று எம்மிடையே இல்லை. இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தனியாக நின்ற அந்த ஆண்டுகளையும், ஞாயிற்றுக்கிழமை பாடசாலைக்கு வந்த காலத்தையும் பற்றி நினைவில் உள்ளதை இரண்டு பக்கமாவது எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பழைய கணக்குக் கொப்பிகள், விற்பனை விழாத் துண்டுப்பிரசுரங்கள், புகைப்படங்கள் இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள். அடுத்த மலரை எழுதப் போகிறவர்களுக்கு அவை தேவைப்படும்.