தாத்தா ரேடியோவில் இருந்த குழாய் – கிடார் ஆம்ப்ளிஃபயரின் கதை

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் பழைய வால்வு ரேடியோ ஒன்று கிடக்கிறது. சுவிட்சைப் போட்டதும் அது பாடாதாம். உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய்கள் சூடாகிச் சிவந்த பிறகுதான் குரல் வரும் என்று அப்பா சொல்வார். டிரான்சிஸ்டர் வந்ததும் அதற்கு மரியாதை போய்விட்டது. உலகம் முழுக்க இதே கதைதான். ஆனால் எலக்ட்ரிக் கிடார் வாசிப்பவர்களில் பலர் அந்தக் குழாயை இன்று வரை விடவில்லை. அதுவும் கையால் செய்த பெட்டிக்கு லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறார்கள். ஏன் என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் இயற்பியல். பயப்பட வேண்டாம், ஒரு பத்திதான்!

1904ல் இங்கிலாந்தில் ஜான் பிளெமிங் இரண்டு முனை வால்வைச் செய்தார். 1906ல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். சூடான முனையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரே உள்ள தகட்டுக்கு ஓடும். நடுவில் உள்ள வலைக்குச் சின்ன மின்சமிக்ஞை கொடுத்தால் பெரிய ஓட்டம் கூடிக் குறையும். சின்னது பெரியதாகிறது, அவ்வளவுதான். அளவுக்கு மீறிச் சமிக்ஞை கொடுத்தால் அலையின் உச்சி மழுங்கிவிடும். சாதாரண டிரான்சிஸ்டர் பெட்டி அதைச் சட்டென்று வெட்டிவிடும். வால்வு கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து மழுக்கும். பொறியாளருக்கு அது பழுது. கிடார்காரருக்கோ அதுதான் ருசி!

இந்த ருசியின் வரலாறு லண்டனில் ஒரு சின்னக் கடையில் சூடு பிடிக்கிறது. ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் ஆசிரியர் 1960ல் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை திறந்தார். அங்கே வந்த இளைஞர்களுக்கு அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப் வேண்டும், ஆனால் இறக்குமதி விலை கட்டுப்படியாகவில்லை. கடையில் ரிப்பேர் பார்த்த கென் பிரானும், ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பயிற்சி பெற்றுவந்த டட்லி கிரேவன் என்ற பதின்வயதுப் பையனும் சேர்ந்து, ஃபெண்டர் பாஸ்மேன் பெட்டியைப் பார்த்து 1962ல் ஒன்றைக் கட்டினார்கள். அதுதான் ஜேடிஎம்45. சர்க்யூட் ஏறக்குறைய அதேதான். ஆனால் டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர் எல்லாம் உள்ளூரில் கிடைத்தவை. அதனால் சத்தம் மாறிவிட்டது. காப்பியடிக்கப் போய் புதிதாக ஒன்று பிறந்தது! 1966ல் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் ஆல்பத்தில் எரிக் கிளாப்டன் மார்ஷல் பெட்டியை உரக்க வைத்து வாசித்தபோது, பழுது என்று நினைத்தது பாணியாகிவிட்டது.

இதற்கிடையில் 1965ல் ஃபெண்டர் நிறுவனத்தை சிபிஎஸ் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. "பழைய பெட்டிதான் நல்ல பெட்டி" என்ற பேச்சு அதன் பிறகு வளர்ந்தது. தொழிற்சாலை தராததைத் தனி ஆள் தரலாம் என்ற இடம் உருவானது. அந்த இடத்தில் வந்த இரண்டு பேரைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஒருவர் கலிபோர்னியாவின் அலெக்சாண்டர் டம்பிள். வாங்குபவர் வாசிப்பதைக் கேட்டு, அந்தக் கைக்குத் தக்கபடி பெட்டியைச் செய்து கொடுப்பார். தையல்காரர் அளவெடுப்பது போல. அவர் வாழ்நாளில் செய்தவை சில நூறுதான். 1982ல் ஸ்டீவி ரே வாகன் தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது பயன்படுத்தியவற்றில் டம்பிள் பெட்டியும் உண்டு. ஆனால் டம்பிள் பலவற்றில் சர்க்யூட்டின் மேல் எபாக்சி பசையை ஊற்றி மூடிவிட்டார். யாரும் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது என்று.

இன்னொருவர் நியூ ஜெர்சியின் கென் ஃபிஷர். ஆம்பெக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1980களில் டிரெயின்ரெக் என்ற பெயரில் தனியாக ஆம்ப் கட்டினார். தன் பெட்டிகளுக்கு வரிசை எண்ணுக்குப் பதிலாகப் பெண் பெயர்களை வைத்தார். நீண்டகால நோய் அவரை முடக்கியதால் அதிகம் செய்ய முடியவில்லை. ஆனால் தனக்குத் தெரிந்ததைக் கட்டுரைகளாக எழுதினார், கேட்டவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2006ல் இறந்தார். டம்பிள் இறந்தது 2022ல்.

இரண்டு பேரின் பெட்டிகளும் இன்று பெரும் விலைக்குப் போகின்றன. டம்பிள் ஒன்று லட்சம் டாலரையும் தாண்டும். வாசிப்பவர் கையை விட்டுச் சேகரிப்பவர் அலமாரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. டம்பிளைத் திருடர் பயம் கொண்டவர் என்று நான் திட்ட மாட்டேன். தனி ஆளின் வருமானமே அந்த வித்தையில்தான் இருந்தது. ஆனால் நடந்தது என்ன? ஆர்வலர்கள் பசையைச் சுரண்டி எடுத்து, உள்ளே இருப்பதை வரைந்தேவிட்டார்கள். வரைபடம் கிடைத்துவிட்டது. காதால் கேட்டுத் திருத்திய அந்தக் கடைசி வேலை மட்டும் வரைபடத்தில் இல்லை. அது சொல்லிக் கொடுத்தால் மட்டுமே வருவது. நம் ஊரில் ஒரு வைத்தியமோ ஒரு கைத்தொழிலோ மகனுக்குக்கூடச் சொல்லாமல் போனது என்று கேள்விப்படுகிறோமே, அது நினைவுக்கு வந்தது.

கடைசியாக அந்தக் குழாய்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஆர்சிஏ, இங்கிலாந்தில் முல்லார்ட், பெங்களூரில் நம் பாரத் எலக்ட்ரானிக்ஸ் கூட வால்வுகள் செய்தன. எல்லாம் நின்றுபோனது. பிறகு ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா ஆலைகளை நம்பித்தான் உலகத்தின் கிடார் பெட்டிகள் பெரும்பாலும் ஓடின. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்தபோது, ஒரு கைவிடும் அளவு ஆலைகளில் ஒரு இசையே தொங்கிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. பழைய கையிருப்புக் குழாய்களைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் ஒன்று எரிந்தால் உலகத்தில் ஒன்று குறைகிறது.

குழாயை மீண்டும் செய்துவிடலாம், ஆலை இருந்தால் போதும். ஆள் போனால்? பசை ஊற்றி மூடிய வித்தையும் எழுதி வைத்த வித்தையும் ஒன்றா? என் ஓட்டு ஃபிஷருக்கு. உங்கள் ஓட்டு?

பி.கு: பழைய வால்வு பெட்டி கையில் கிடைத்தால் தயவுசெய்து திறந்து தோண்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் நானூறு வோல்ட் போலத் தேங்கி நிற்கலாம். வரலாறு படிக்க உயிரோடு இருக்க வேண்டும் :-)