கால்களுக்கு மேலே ஒரு உருக்குக் கூடு

அமெரிக்க மசில் கார்களைப் பற்றிக் கதைக்கிற எல்லாரும் எஞ்சினைப் பற்றித்தான் கதைப்பினம். 1964இல் வந்த பொன்டியாக் ஜிடிஓவை எடுத்தால் 6.4 லீட்டர் வி8, 325 குதிரைவலு எண்டு கணக்குச் சொல்லுவினம். எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் மணி வடிவில் இருக்கிற கூட்டை ஒருத்தரும் கவனிக்கிறதில்லை. அதுதான் பெல் ஹவுசிங். வேகத்துக்கு யார் விலை கொடுத்தது எண்டு அறிய அதைத்தான் பார்க்கவேணும்.

அந்தக் கூட்டுக்குள் கிளச்சும் பிளைவீலும் சுழலும். சுழற்சி இரண்டு மடங்கானால், சில்லைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை நான்கு மடங்காகும். வார்ப்பிரும்பு பிளைவீல் ஒன்று வெடித்தால் துண்டுகள் குண்டுச் சிதறல் மாதிரிப் பறக்கும். கொம்பனி பூட்டின அலுமினிய அல்லது வார்ப்பிரும்புக் கூடு அதைத் தடுக்காது. அதற்கு அடுத்தது மெல்லிய தகடு. தகட்டுக்கு அங்கால சாரதியின் கால்கள்.

1951இல் வொலி பார்க்ஸ் என்எச்ஆர்ஏ அமைப்பைத் தொடங்கியபோது, தெருவில் ஓடின இளைஞரைப் பாதுகாப்பான ஓடுபாதைக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். ஆனால் ஓடுபாதையிலும் கிளச்சுகள் வெடித்தன. ஓட்டுநர்களே தடித்த உருக்குத் தகட்டை வெட்டி, வளைத்து, ஒட்டிக் கவசம் செய்தார்கள். பிறகு, தானும் ஓட்டுநரான ஜோ ஷூபெக்கின் லேக்வுட் நிறுவனம் உருக்குத் தகட்டைத் திரவ அழுத்தத்தால் ஒரே கூடாக வார்த்தெடுத்து விற்றது. ஸ்கேட்டர்ஷீல்ட் எண்ட பெயர் அதற்கு நிலைத்தது.

அதோட ஆபத்து முடியேல்ல. 1970 மார்ச் 8, கலிபோர்னியாவின் லயன்ஸ் ஓடுபாதை. டொன் கார்லிட்ஸின் கார் புறப்பட்ட கணத்தில், இந்த முறை வெடித்தது கியர்பொக்ஸ். கார் இரண்டாக முறிந்தது. அவருடைய வலது பாதத்தின் முன்பகுதி போய்விட்டது. அடுத்த வருடம் எஞ்சினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்த காரோடு வந்து வென்றார். பிறகு அந்தப் பந்தயத்தின் கார்கள் எல்லாமே அப்படி மாறின.

இண்டைக்குப் பழைய மசில் கார் ஒன்றுக்குப் பாவித்த ஸ்கேட்டர்ஷீல்டை வாங்கிப் பூட்டுகிறவர் இந்த வரலாற்றையும் சேர்த்துத்தான் பூட்டுகிறார். முதலில் வெடிப்பு இருக்கா, ஆரும் புதுசாகத் துளை போட்டிருக்கினமா எண்டு பார்க்கவேணும். எஞ்சின் பக்கம் வருகிற உருக்குத் தகடும் கூடவே இருக்கவேணும். அது இல்லாவிட்டால் கவசம் முழுமையில்லை. பிறகு கிராங்க் ஷாஃப்டில் டயல் கேஜைப் பொருத்திச் சுழற்றி, கூட்டின் பின்பக்கத் துளை நடுவில்தான் நிற்கிறதா எண்டு அளக்கவேணும். மொத்த வித்தியாசம் 0.005 அங்குலத்தை, அதாவது சுமார் 0.13 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மையம் விலகிய டவல் பின் போட்டுத் திருத்தலாம். திருத்தாமல் விட்டால் கியர் ஒழுங்காக விழாது, பெயரிங்கும் கெதியாகத் தேயும்.

பந்தய விதிகளை நாங்கள் கடதாசியில் வாசிக்கிறம். அதில் கனவற்றை முதலில் எழுதினது யாரோ ஒருத்தருடைய உடம்பில். அதனால்தான் ஒரு பழைய உருக்குக் கூட்டையும் வரலாற்று ஆவணம் எண்டு சொல்லுறன். காருக்கு அடியில் அது கண்ணுக்குத் தெரியாது. தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவும் மாட்டினம்.