1936-இல் ஒரு தேர்வு: எம்.ஜே.கோபாலனும் நம் பிள்ளைகளும்



சில வாரங்களுக்கு முன் மஃரிப் தொழுகை முடிந்து பள்ளியின் வெளித்திண்ணையில் அமர்ந்திருந்தோம். பெரம்பலூர்ப் பக்கத்துச் சகோதரர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. நம் மக்தபில் ஓதி முடித்தவன். நானூறு மீட்டர் ஓட்டத்தில் குறுவட்ட அளவில் முதலிடம். கபடி அணியிலும் இருக்கிறான். கைப்பந்தாட்டத்திலும் பள்ளிக்காக ஆடுகிறான். "ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்" என்கிறார் உடற்கல்வி ஆசிரியர். "பிளஸ் டூ முடியும்வரை எல்லாவற்றையும் விட்டுவிடு" என்கிறார் தந்தை. பல ஆண்டுகள் சவூதியில் உழைத்துத் திரும்பியவர் அவர். "ஹஜ்ரத், நீங்க ஒரு வார்த்தை சொன்னா இவன் கேப்பான்" என்று நம்மிடம் முறையிட்டார். பையன் தலைகுனிந்து நின்றான், ஒன்றும் பேசவில்லை.

நம் மனம் உடனே தந்தையின் பக்கம் சாய்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் நாவை அடக்கிக்கொண்டு, "ஒரு வாரம் கழித்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் இதே திண்ணையில், இதே போன்ற ஒரு மாணவனுக்கு, சிறிதும் யோசிக்காமல் "விட்டுவிடு" என்று சொன்னவர்கள் நாம். அந்த ஒரு வாரத்தில் நாம் அசைபோட்ட வரலாறு ஒன்றை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இரண்டு ஆட்டங்களில் ஒருவர்

மொறப்பாக்கம் ஜோய்சம் கோபாலன் 1909 ஜூன் 6 அன்று, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மொறப்பாக்கம் என்ற சிற்றூரில் பிறந்தார். சென்னையில் வளர்ந்த அவருடைய ஆற்றலைக் கண்டுகொண்டவர் சி.பி.ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். அவர் மதராஸ் கிரிக்கெட்டின் முன்னணி ஆட்டக்காரர். ஜான்ஸ்டனின் முயற்சியால் கோபாலனுக்கு பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வேலை கிடைத்ததால் ஆட்டமும் தொடர்ந்தது. வசதியில்லாத வீட்டு இளைஞனுக்குத் திறமை மட்டும் போதுவதில்லை. அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு சம்பளமும் வேண்டியிருக்கிறது என்பதை இங்கேயே கவனத்தில் கொள்வோம்.

கிரிக்கெட்டில் அவர் வேகப்பந்து வீச்சாளர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மதராஸும் மைசூரும் மோதின. ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் கோபாலன்தான். அந்த ஆட்டம் ஒரே நாளில் மதராஸின் வெற்றியுடன் முடிந்துவிட்டது.

ஹாக்கியிலோ அவர் நடுக்களத்தைத் தாங்கி நிற்பவர். 1935-இல் தியான் சந்துடன் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளுக்குச் சென்ற இந்திய அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. அந்த அணி 48 ஆட்டங்களில் 584 கோல்களைக் குவித்தது. உலகில் அதற்கு நிகரான ஹாக்கி அணி அப்போது இல்லை.

ஒரே மனிதர் இரண்டு ஆட்டங்களில் நாட்டின் அணியை எட்டியது இன்றைக்கும் அரிது. அந்த இரண்டும் ஒரே நேரத்தில் அழைத்தபோதுதான் சோதனை வந்தது.

1936 ஆகஸ்ட் 15

1936-ஆம் ஆண்டுக் கோடையில் ஹாக்கி அணி பெர்லின் ஒலிம்பிக்கிற்குப் புறப்பட்டது. கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. இரண்டில் ஒன்றுக்குத்தான் செல்ல முடியும். 1928, 1932 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றிருந்தது. மூன்றாவது தங்கமும் ஏறக்குறைய உறுதி என்றே பலரும் கருதினர். எனினும் கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

இங்கிலாந்தில் அந்த அணியின் நிலை எப்படி இருந்தது? தலைவராக இருந்தவர் விஜயநகரம் மகாராஜகுமார். ஆட்டத்தால் அன்றி, செல்வத்தாலும் செல்வாக்காலும் அந்தப் பொறுப்பை அடைந்தவர். அணிக்குள் பிளவுகள் மலிந்திருந்தன. லாலா அமர்நாத் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அந்தக் கலக்கத்திற்கிடையே மான்செஸ்டரில் முஷ்தாக் அலி 112 ஓட்டங்கள் எடுத்து, வெளிநாட்டு மண்ணில் டெஸ்ட் சதம் அடித்த முதல் இந்தியரானார். விஜய் மெர்ச்சன்ட்டும் அவரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் குவித்தனர். ஆனால் தொடர் இங்கிலாந்திடம் போயிற்று. மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட கோபாலனுக்கு வாய்ப்பு அளிக்கப்படவில்லை.

ஆகஸ்ட் 15 அன்று நிகழ்ந்ததைப் பாருங்கள். பெர்லினில் ஹாக்கி இறுதிப் போட்டி. இந்தியா ஜெர்மனியை 8–1 என்ற கணக்கில் வென்றது. தியான் சந்துடன் அலி இக்திதார் ஷா தாராவும் சையத் முஹம்மத் ஜாஃபரும் கோல் அடித்தவர்களில் அடங்குவர். அதே நாளில் இலண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. களமிறங்கிய பதினொருவரில் கோபாலன் இல்லை. அதன் பிறகு அவர் இந்தியாவுக்காக வேறு டெஸ்ட் ஆடவும் இல்லை. ஒலிம்பிக் பதக்கம் பெறவும் இல்லை.

அதே அணியில் இன்னொருவர்

இங்கே நிறுத்தினால் கதை முழுமை பெறாது. அதே அணியில் சென்னையைச் சேர்ந்த இன்னொருவரும் இருந்தார், அவர் சி.ராமசாமி. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை எனப் போற்றப்படும் புச்சிபாபு நாயுடுவின் மகன். கேம்பிரிட்ஜில் படித்தவர். 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடியவர். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, நாற்பது வயதில், மான்செஸ்டரில் முதன்முதலாக டெஸ்ட் களம் இறங்கி 40, 60 என ஓட்டங்கள் எடுத்தார். கோபாலன் வெளியே இருந்த ஓவல் டெஸ்டிலும் அவர் ஆடினார்.

இருவரும் இரட்டை ஆட்டக்காரர்கள். இருவரும் ஒரே நகரத்தினர். ஒருவருக்கு நாற்பது வயதிலும் வாசல் திறந்திருந்தது. மற்றவருக்கு இருபத்தேழு வயதில் இரண்டு வாசல்களுமே மூடிக்கொண்டன. அணித் தேர்வில் பல காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒரு வாய்ப்புத் தவறினாலும் காத்திருக்க முடியும். வசதியற்ற வீட்டுப் பிள்ளையால் அப்படிக் காத்திருக்க முடிவதில்லை. அவனுடைய ஒரு தவறான தேர்வு முழு வாழ்வையும் தொட்டுவிடுகிறது. ஆகவேதான் அவனுக்கு ஆலோசனை சொல்பவரின் பொறுப்பு இருமடங்காகிறது.

கோபாலன் மனமுடைந்து ஒதுங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மதராஸ் அணிக்காகத் தொடர்ந்து ஆடினார். மதராஸுக்கும் இலங்கைக்கும் இடையே 1952–53-இல் தொடங்கிய போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயரிடப்பட்டது. இலங்கை டெஸ்ட் தகுதி பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்நாட்டு ஆட்டக்காரர்கள் பலருக்கு அது ஒரு பயிற்சிக் களமாக விளங்கியது. 2003 டிசம்பரில், 94 வயதில் அவர் மறைந்தார்.

மதீனாவின் இளைஞர்கள்

திறமையுள்ள இளையவரை எப்படி அணுகுவது என்பதற்கு நம்மிடம் அழகிய முன்மாதிரி உண்டு. உஹதுப் போருக்குப் புறப்பட்டபோது வயதில் சிறியவர்கள் பலரை நபி (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். ராஃபிஉ இப்னு கதீஜ் (ரழி) அவர்களையும் அவ்வாறே திருப்பினார்கள். அவர் சிறந்த வில்லாளி என்று எடுத்துச் சொல்லப்பட்டதும் அனுமதித்தார்கள். ஸமுரா இப்னு ஜுன்துப் (ரழி) அவர்களோ மற்போரில் ராஃபிஉவையே வீழ்த்தக்கூடியவர் என்று தெரிவிக்கப்பட்டது. அவருக்கும் அனுமதி கிடைத்தது. இருவருக்கும் அப்போது வயது பதினைந்து என்று சீறா நூல்கள் கூறுகின்றன. முதலில் மறுத்த பின்னரும், பிள்ளையின் ஆற்றல் தெரியவந்தபோது முடிவை மாற்றிக்கொண்ட அந்தப் பெருந்தன்மையைச் சிந்தியுங்கள்.

ஸலமா இப்னுல் அக்வஃ (ரழி) அவர்கள் ஓட்டத்தில் ஈடிணையற்றவர். தூ கரத் நிகழ்வில் ஒட்டகங்களைக் கவர்ந்து சென்றவர்களைத் தனியொருவராகக் கால்நடையாகவே துரத்தியவர். அன்று நபியவர்கள் குதிரை வீரர்களில் சிறந்தவர் அபூ கதாதா என்றும், காலாட்களில் சிறந்தவர் ஸலமா என்றும் பெயர் சொல்லிப் பாராட்டினார்கள். திரும்பும் வழியில் அன்ஸாரி ஒருவர் பந்தயத்திற்கு அழைத்தபோது, நபியவர்களின் அனுமதியுடன் மதீனாவரை ஓடி ஸலமாவே வென்றார். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அன்னை ஆயிஷா (ரழி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப் பந்தயம் வைத்ததை அபூதாவூதில் காண்கிறோம். விளையாட்டை வீண் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட நமக்கு ஆதாரமில்லை. தொழுகையும் ஒழுக்கமும் கல்வியும் அதனால் சிதையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நம் கவலையாக இருக்க வேண்டும்.

நம் மாவட்டங்களில்

தேசிய அணியெல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டாத தூரம் என்று எண்ண வேண்டாம். அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் கோவில்பட்டியில் ஹாக்கிப் பயிற்சி பெற்றார். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக அறிமுகமாகி, பாகிஸ்தானுக்கு எதிரான அந்த முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். 2023-இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் அவர் இருந்தார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பெரம்பலூரில் மாணவியருக்கும் அரியலூரில் மாணவர்களுக்கும் விடுதி நடத்துகிறது. அங்கே தங்குமிடம், உணவு, பயிற்சி ஆகியவற்றோடு பள்ளிப் படிப்பும் தொடர்கிறது. படிப்பா, விளையாட்டா என்று நாம் பிரித்துப் பேசும்போது, இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் வழி நம் பக்கத்திலேயே இருப்பதைக் காணத் தவறிவிடுகிறோம்.

நாம் சொன்ன பதில்

முன்பு நாம் "விட்டுவிடு" என்று சொல்லி அனுப்பிய மாணவர் இன்று வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அல்ஹம்துலில்லாஹ், குடும்பம் நன்றாக இருக்கிறது. விடுமுறையில் வரும்போது அஸருக்குப் பின் மைதானத்தின் ஓரத்தில் நின்று, சிறுவர்கள் கபடி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நம்மை ஒருபோதும் அவர் குறைகூறியதில்லை. ஸலாம் சொல்லி நலம் விசாரித்துச் செல்வார். அன்று அவருடைய விருப்பம் என்னவென்று நாம் கேட்கவே இல்லை என்பது, அவரைக் காணும்போதெல்லாம் நம் நெஞ்சில் உறுத்துகிறது. ஆலோசனை கேட்கப்படுபவர் ஓர் அமானிதத்தைச் சுமக்கிறார் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று உண்டு. அதைப் பிறருக்குப் பாடம் நடத்திய நாமே அன்று மறந்துபோனோம்.

ஒரு வாரம் கழித்துத் தந்தையும் மகனும் வந்தார்கள். இம்முறை நாம் முதலில் பையனைக் கேட்டோம்: "உனக்கு எது வேணும், தம்பி?"

சற்று நேரம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "கபடியும் கைப்பந்தும் கூட்டாளிங்க கூப்பிடுறாங்கன்னு ஆடுறேன், ஹஜ்ரத். ஓட்டத்தை மட்டும் விட முடியாது."

தந்தை மகனைத் திரும்பிப் பார்த்தார். இதை அவரும் அன்றுதான் முதன்முறையாகக் கேட்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

நாம் தந்தையிடம் மூன்றைக் கேட்டுக்கொண்டோம். உடற்கல்வி ஆசிரியரை நேரில் கண்டு, பயிற்சி நேரத்தையும் தேர்வுக் காலத்தையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். விளையாட்டு விடுதியையும் விளையாட்டு இடஒதுக்கீட்டையும் முறையாக விசாரியுங்கள். பிறகு இருவருமாக இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள். பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டோம்: ஃபஜ்ரு ஜமாஅத் தவறக்கூடாது. ஓடுபவன் எப்படியும் அதிகாலையில் எழ வேண்டியவன்தானே!

தந்தை இன்னும் முடிவு சொல்லவில்லை. எந்த முடிவானாலும் அது அவர்கள் இருவரும் கலந்து எடுத்ததாக இருக்கட்டும்.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு அளித்த ஆற்றல்களை நன்மையான வழியில் செலுத்தவும், நம்மை நம்பி ஆலோசனை கேட்பவர்களுக்கு நேர்மையாக நடந்துகொள்ளவும் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.