ரோடியர் மில் கேட்

புதுச்சேரி கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. மில்லை ஒட்டிய ரயில்வே கேட் விழுந்தால் எனக்கு அப்பாவின் சைக்கிள் பார்தான் நினைவுக்கு வரும். அதில் உட்கார்ந்துதான் கரி எஞ்சினைப் பார்த்தேன். ஷிப்டு விடும் நேரத்தில் கேட்டின் இருபுறமும் சைக்கிள்கள் நெருக்கியடித்து நிற்கும். வேலை முடிந்தவர்களின் புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். மில்லின் பெயர் எத்தனை முறை மாறினாலும் எங்கள் வீட்டில் அது ரோடியர் மில்தான்.

ரயில் அந்த மில்லுக்கு மூத்தது. விழுப்புரத்திலிருந்து வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாக மீட்டர் கேஜ் பாதை 1879-இல் புதுச்சேரிக்கு வந்தது. மில் வந்தது 1898-இல். இங்கிலீஷ்காரன் ஆண்ட பக்கத்தில் விளைந்த மல்லாட்டை இந்தத் தண்டவாளத்தில் வந்து, இங்கே கப்பலேறி மார்செய்க்குப் போனது. பிரெஞ்சு எல்லையைத் தாண்டும்போது சுங்கக்காரர்கள் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள் என்று பாட்டி சொல்வாள். 1908-இல் பாரதி வந்து இறங்கியதும் இந்த ரயிலில்தான்.

1936 ஜூலை 30 அன்று இதே ஊரின் சவானா மில்லில் போராடிய தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அதன்பிறகுதான், 1937-இல், எட்டு மணி நேர வேலை சட்டமானது. நாள் முழுவதும் மில்லிலேயே கிடக்காமல் என்னைக் கேட்டுக்குக் கூட்டிவர அப்பாவுக்கு நேரம் கிடைத்ததென்றால், அது அந்தப் பன்னிரண்டு பேர் கொடுத்த நேரம். போராட்டத்தை நடத்திய வ. சுப்பையாவின் பெயரைத் தாங்கிய சாலையில்தான் இன்று ரயில் நிலையம் இருக்கிறது.

மீட்டர் கேஜைப் பெயர்த்துவிட்டு 2004-இல் அகலப்பாதையாக ரயில் திரும்பி வந்தது. இப்போது டெல்லிக்கும் ஹௌராவுக்கும் மங்களூருக்கும் இங்கிருந்தே ஏறலாம். மில்லோ 2011 தானே புயலில் அடிவாங்கி, 2020 ஏப்ரல் 30-ஆம் தேதி முறைப்படி மூடப்பட்டது.

வடக்கு பிரான்ஸில் வலான்சியென் பக்கம் என் தங்கை குடும்பத்தோடு இருக்கிறாள். அது நிலக்கரிச் சீமை. அந்த வட்டாரத்தின் கடைசிச் சுரங்கம் 1990-இல் மூடியது. 1966-இல் நின்றுபோன டிராம், கரி போன பிறகு, 2006-இல் புதிதாக ஓடத் தொடங்கியது. மறு வருஷமே தெனேன் என்ற ஊர் வரை நீண்டது. "அண்ணே, வேலை போன சனங்க இருக்கிற ஊருக்கெல்லாம் டிராம் போவுது" என்று போனில் சொன்னாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்களுக்கு டிராம் வேண்டாம். தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது. மின்கம்பியும் மேலே ஓடுகிறது. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் அரை மணிக்கு ஒரு சின்ன வண்டி விடலாம். அது வில்லியனூரில் நிற்கட்டும். இந்தக் கேட்டருகேயும் நிற்கட்டும். முதலியார்பேட்டையில் அப்பாவோடு தறி ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது வேலைக்கு வெளியூர்தான் போகிறார்கள். விடியற்காலையில் இதே கேட்டுக்கு வெளியே, பஸ்ஸுக்காக நிற்கிறார்கள்.