ஊருக்குச் சொன்ன சேதி

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. பந்தல், ஒலிபெருக்கி, தாய்மாமன் சீர்வரிசை, எதிலும் குறைவில்லை. மணையில் உட்கார்ந்திருந்த பெண் என் மகளின் காதோடு, "எனக்கு என்னடி வியாதி?" என்று கேட்டாளாம். ஊருக்கெல்லாம் சொன்னவர்கள் அவளுக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள்!

இந்த மறதி பழைய மறதி. 10 வயது நிரம்பாத மனைவியைக் கணவன் தீண்டுவது குற்றம் என்றது 1860-ம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். 1890-ல் கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி கணவனால் மாண்டாள். அவள் அந்த வயதைத் தாண்டியிருந்ததால் சட்டம் கைவிரித்தது. மறு வருஷம் வரம்பு 12 ஆயிற்று. ருதுவானதும் சாந்தி முகூர்த்தம் நடந்தாக வேண்டும், சாஸ்திரத்தில் சர்க்கார் தலையிடலாகாது என்று வைதிகர்கள் கொதித்தார்கள், திலகரும் எதிர்த்தார். 1929-ல் சாரதா சட்டம் வந்து பெண்ணின் மண வயதை 14 ஆக்கியது. அப்போதும் அதே கூச்சல்.

சட்டசபையில் பேசினார்கள், பத்திரிகையில் பேசினார்கள், மேடை போட்டுப் பேசினார்கள். பேச்சுக்குப் பொருளான சிறுமிக்கு அதில் ஒரு வார்த்தையாவது எட்டியிருக்குமா?

"நீ என்னம்மா பதில் சொன்னாய்?" என்று மகளைக் கேட்டேன்.

"எனக்கும் தெரியாதே, அப்பா!" என்றாள்.

வைதிகர்களைக் குறை சொன்ன வாய் அடைத்துப்போயிற்று. அன்று மாலை அவளையும் அவள் தம்பியையும் அழைத்து நானும் என் மனைவியும் உட்கார்ந்தோம். கரு தங்குவதற்காகக் கருப்பை மாதந்தோறும் தயாராவதையும், தங்காதபோது அந்த ஏற்பாடு உதிரமாகக் கழிவதையும் சொன்னோம். வியாதியல்ல, தீட்டுமல்ல என்றோம். பையனுக்குக் குரல் உடையப்போவதையும் சொன்னோம்.

முதலில் தடுமாறியது என் குரல்தான். குழந்தைகள் தடுமாறவில்லை, அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்.