உடுப்பிட்டியின் வேலியும் படலையும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியாக வடமராட்சிக்குச் செல்வோர் வல்லை வெளியைக் கடந்தாக வேண்டும். மரமும் மனையுமின்றிக் காற்றுக்கே உரிமையாகிக் கிடக்கும் அவ்வெளியைத் தாண்டியதும் இடப்புறமாகப் பிரியும் வீதி உடுப்பிட்டிக்கும், அதற்கு அப்பால் வல்வெட்டித்துறைக் கடற்கரைக்கும் செல்கின்றது. வெளியில் எவ்வளவு வெறுமையோ, ஊருக்குள் அவ்வளவு அடைப்பு. வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கைகளுள் நுழைபவனுக்கு அக்காலத்தில் முதலிற் காட்சியளித்தவை வேலிகளே. வேலிக்கு மேலே பனையும் பூவரசும் தெரியும். வீட்டைக் காண்பதற்குப் படலை திறக்கப்படல் வேண்டும்.

பழம்பெருமை வாய்ந்த குடியிருப்பு என்றவுடன் இலங்கையர் பலருக்கு நினைவில் எழுவது காலிக் கோட்டை. ஒல்லாந்தர் எழுப்பிய கொத்தளங்களுக்குள்ளே மக்கள் இன்றும் வாழும் அத்தெருக்கள் 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. உடுப்பிட்டிக்கு அத்தகைய பேறு எதுவும் இல்லை. கோட்டை இல்லை, கொத்தளம் இல்லை, அரசர் வாழ்ந்த மாளிகையும் இல்லை. ஊரின் வரலாற்றைக் காட்டுக என்று கேட்கும் விருந்தினனுக்குச் சுட்டிக் காட்ட ஒரு தூண் கிடைப்பதும் அரிது. ஆயினும் அவ்வூரில் ஒருவன் கிணற்றில் நீர் அள்ளும்போதும், எல்லை வேலியைப் புதுப்பிக்கும்போதும், மகளுக்கு மணம் பேசும்போதும், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுத்தில் அமைந்துவிட்ட ஓர் ஒழுங்குக்குள் நின்றே அவற்றைச் செய்கின்றான்.

அவ்வொழுங்கே தேசவழமை. ஒல்லாந்தத் தேசாதிபதி சீமோன்சின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1706ஆம் ஆண்டில் இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டினார். பன்னிரண்டு முதலியார்கள் அத்திரட்டை ஆராய்ந்து ஒப்புதல் அளித்தபின் 1707இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலேயர் தமது ஆட்சியில், 1806ஆம் ஆண்டின் பதினெட்டாம் இலக்கப் பிரமாணத்தால் அதனை உறுதிப்படுத்தினர். பட்டயமும் கல்வெட்டும் தேடுவோர் இந்நூலைச் சட்டப் புத்தகமென்று ஒதுக்கிவிடுவதுண்டு. ஒரு யாழ்ப்பாண ஒழுங்கையின் அமைப்பை விளங்கிக்கொள்ள இதனினும் நல்ல வழிகாட்டி வேறில்லை.

தாயின் சீதனம் மகளுக்குச் செல்லும் என்பது அவ்வழமை. அதனால் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்வழியே இறங்கின. தாயின் வளவில் ஒரு பகுதி மூத்தவளுக்கு, மறு பகுதி இளையவளுக்கு என்று பிரியுங்கால், அடுத்தடுத்த வீடுகளில் அக்காளும் தங்கையும், பின்னர் அவர்தம் பெண்மக்களும் குடியிருக்கலாயினர். அவ்வொழுங்கையில் ஆடவன் பெரும்பாலும் மருமகனாய் வந்து சேர்ந்தவன். வீடுகள் பிரிந்தாலும் கிணறு பிரிவதில்லை. வற்றாத ஆறு ஒன்றேனும் ஓடாத குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லை உடைத்து வெட்டிய கிணறு பெரும் பொருட்செலவில் ஆவது. ஆகவே உறுதிகளில் வளவின் பரப்போடு, கிணற்றின் பங்கும், அதற்குச் செல்லும் வழிவாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டன. யார் எப்போது துலா மிதித்து இறைப்பது என்பதற்கும் முறை இருந்தது. அம்முறை தவறிய இடத்தில் வழக்குப் பிறந்தது. யாழ்ப்பாணத்தவர் வழக்காடுவதில் வல்லவர் என்று பிறர் நகைப்பதுண்டு. பங்குக் கிணறும் எல்லை வேலியும் உடைய மக்கள் வேறு எப்படி இருத்தல் கூடும்?

வேலியின் கதை இன்னும் சுவையானது. பூவரசு, கிளுவை, முள்முருக்கு முதலிய உயிர்க் கதியால்களை நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ அடைப்பது வழக்கம். வெயிலும் மழையும் ஓலையை உக்கச் செய்வதால் அடைப்பைக் காலந்தோறும் புதுப்பித்தல் வேண்டும். வேலி அடைப்பது ஒருவனால் இயலும் வேலையன்று. குத்தூசியில் கயிற்றைக் கோத்து இப்புறத்திலிருந்து ஒருவன் செலுத்த, அப்புறத்தில் நிற்பவன் அதனை வாங்கித் திருப்பிக் குத்த வேண்டும். அப்புறம் என்பது அயலான் முற்றம். மறைப்பதற்கென்று கட்டும் வேலியைக் கட்டுவதற்கே அயலான் படலையைத் தட்டி, உத்தரவு பெற்று, அவன் வீட்டுத் தேநீரையும் அருந்தியாக வேண்டியிருந்தது. சீமெந்து மதிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனாற்போலும் மதில்கள் விரைவிற் பெருகின.

உள்ளே நாற்சார் வீடு. நடுவிலே வானம் பார்த்த முற்றம், அதனைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும், முகப்பிலே திண்ணை. அயலூரான வல்வெட்டித்துறையார் பாய்க்கப்பலோட்டிப் பர்மாவரை வணிகஞ் செய்த காலத்தில், அந்நாட்டுத் தேக்கு வடமராட்சியின் வசதி படைத்த வீடுகளுக்கு நிலையும் கதவுமாக வந்தது. 1930ஆம் ஆண்டளவில் அக்கரையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை சென்று சேர்ந்தது. அத்தகைய கடலோடிகளுக்கு அயலவராய் வாழ்ந்த ஊர் உடுப்பிட்டி.

வீட்டினும் வியப்புக்குரியது வாயில். சங்கடப் படலை என்பது கூரை வேய்ந்த வாயில். வெயிலிலும் மழையிலும் அகப்பட்ட வழிப்போக்கன், வீட்டாரை அழையாமலே ஒதுங்கி நிற்கவும், அங்கு வைக்கப்பட்ட பானையில் நீர் அருந்தவும் அமைந்தது அது. தன் வளவின் ஒரு முழ நிலத்தை முன்பின் அறியாத ஒருவனுக்கென ஒதுக்கிவிட்டே வீட்டுக்காரன் தன் படலையைச் சாத்தினான். வீதியோரத்துச் சுமைதாங்கியும், கேணியருகே மாடுகள் உரஞ்சிக்கொள்ள நட்ட ஆவுரஞ்சிக் கல்லும் அதே மனப்பாங்கின் விளைவுகள். பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடத்தைக் கண்டோர் இதனை நன்கு உணர்வர். தெருவின் இருபுறமும் கல்தூண்களும் திண்ணைகளும் அமைத்து, தெருவுக்கு மேலேயே கூரையிட்ட அம்மடத்தின் கீழாகத்தான் வண்டியும் மனிதரும் செல்கின்றனர்.

இவ்வாறு கூறுவதால் பழைய ஊர் அறம் ஒன்றாலேயே ஆனதென்று கொள்ளற்க. சங்கடப் படலை எல்லார்க்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. கிணற்றில் அள்ளும் உரிமை சிலருக்கு உறுதியில் இருந்தது. சிலரோ கிணற்றங்கரையில் எட்டி நின்று, பிறர் ஊற்றும் நீருக்காகக் குடத்துடன் காத்திருந்தனர். அவர்களும் அதே அயலினர்தாம். அவர் உழைப்பினாலேயே கிணறு வெட்டப்பட்டது, வேலியும் அடைக்கப்பட்டது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேதான் வந்தது. சட்டம் வந்த அன்றே துலாக்கயிறு கைமாறிவிடவுமில்லை. பழைய குடியிருப்பின் அழகைப் பாடுவோர் இந்தக் குடங்களை மறந்துவிடுகின்றனர்.

கல்வி இந்த அடைப்பிற் சில வாயில்களைத் திறந்தது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனார் வடமராட்சியில் தமக்கு நிலையமாகத் தேர்ந்த ஊர் உடுப்பிட்டி. 1868இல் அங்கு பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலை தொடங்கிற்று. சீதன உறுதியில் மட்டும் பெயர் காணப்பட்ட பெண், இடாப்பிலும் தன் பெயரைக் கண்டாள். அதே காலத்தில் அதே ஊரில், சிவசம்புப் புலவர் (1829–1910) சைவமும் தமிழும் தழைக்கப் பிரபந்தங்கள் இயற்றிக்கொண்டிருந்தார். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் மறைசையந்தாதிக்கு உரை கண்டவர் அவர். விவேகானந்தரின் சிக்காகோப் பயணத்துக்கு உதவிய இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியின்மீதும் நூல் பாடியவர். மிஷன் மணியோசையும் புலவர் பாட்டோசையும் ஓர் ஊரின் காற்றிற் கலந்திருந்தன. இரண்டுக்கும் இடையே வாதம் இல்லாமலில்லை. ஆயினும் ஊர் இரண்டையும் வைத்துக்கொண்டது.

1987ஆம் ஆண்டு மே 26இல் வடமராட்சியின்மீது தொடங்கிய படை நடவடிக்கை அவ்வாழ்வைக் குலைத்தது. மக்கள் வீடுகளை விட்டுக் கோயில்களிலும் பாடசாலைகளிலும் அடைக்கலம் புகுந்தனர். எட்டு ஆண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் பெயர்ந்தபோது, தென்மராட்சிக்குச் சென்றவர் போக வடமராட்சிக்கும் பலர் வந்தனர். நாற்சார் வீடுகளின் தாழ்வாரங்களில் முன்பின் அறியாக் குடும்பங்கள் பாய் விரித்தன. அன்று வழிப்போக்கனுக்குப் படலையடி போதவில்லை; அவன் முற்றத்துக்கே வந்துவிட்டான். பங்குக் கிணற்றுக்குப் புதிய முறைகள் வகுக்கப்பட்டன. உறுதி கேட்டவர் இலர்.

போர் முடிந்தது 2009இல். அதற்குள் வீட்டுக்கு உரியவர் பலர் கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் குடியேறிவிட்டனர். ஆட்களற்ற வளவில் முதலிற் கெடுவது கிணறு. இறைக்காத நீர் பாசி பிடிக்கும். சருகு விழுந்து நாறும். அடுத்து முற்றத்து ஓடு. பின்னர் தேக்கு நிலையிற் கறையான். விற்கலாமென்றால், ஆறு பிள்ளைகளும் அவர்தம் பிள்ளைகளும் பங்காளிகள். கையொப்பங்கள் மூன்று கண்டங்களிலிருந்து வந்து சேர்தல் வேண்டும்.

இங்கேதான் பழைய தேசவழமையின் ஒரு பிரிவு நினைவுக்கு வருகின்றது. காணி விற்க நினைப்பவன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், அக்காணியை ஒற்றியாய்ப் பிடித்திருக்கக்கூடிய அயற்காணிக்காரருக்கும் முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும். அவர் வாங்க மறுத்தாலன்றிப் பிறர்க்கு விற்றல் ஆகாது. அதே ஊரிலிருப்பவருக்கு ஒரு மாதத் தவணை. அதே பகுதியின் வேற்றூரில் இருப்பவருக்கு இரண்டு மாதம். வேறு பகுதியினருக்கு மூன்று மாதம். பிறநாடு சென்றவருக்கு ஓராண்டு. கடல் கடந்தவனுக்கும் தன் ஒழுங்கையில் ஒரு சொல் உண்டென்று அன்றைய முதலியார்கள் கருதினர் போலும். 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இவ்வுரிமையைப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் மட்டுமே எனச் சுருக்கி, அயலவரை விட்டுவிட்டது.

சட்டம் விட்டுவிட்ட அந்த அயலவரிடமே இன்று பூட்டிய வீடுகள் பலவற்றின் திறப்புகள் இருக்கின்றன. மார்கழி மழைக்குப்பின் ஓடு மாற்றுவோரும், வெள்ளிக்கிழமைகளில் முற்றம் கூட்டி விளக்கேற்றுவோரும் அவர்களே. ஆண்டுக்கொரு முறை இயந்திரம் பூட்டிக் கிணற்றை அடிவரை இறைத்து, சேறு அள்ளி, மீண்டும் ஊற விடுகின்றனர். அந்தக் கிணற்றில் அவர்களுக்குப் பங்கில்லை.