ஏரி நாடும் ஏழைகளின் பாதையும்

இயற்கை அழகு எல்லோர்க்கும் பொது என்பர். ஆனால் அந்த அழகு இருக்கும் இடத்துக்கு நடந்து செல்லும் பாதை எல்லோர்க்கும் பொதுவாக இருந்ததா? ஆங்கில இலக்கியத்தையும் இங்கிலாந்தின் சமூக வரலாற்றையும் சேர்த்துப் படிப்பவர்க்கு இக்கேள்வி எழாமல் இராது. இன்று அந்நாட்டின் வடபகுதிக்குச் செல்லும் ஒருவர், ஏரிகளையும் குன்றுகளையும் சுற்றி நாட்கணக்கில் நடக்கலாம். அந்த உரிமை கவிஞரின் எழுதுகோலாலும் தொழிலாளரின் கால்களாலும் பெறப்பட்டது. எனினும் அவ்விரண்டும் எப்போதும் ஒரே திசையிற் செல்லவில்லை. நேயர்களே, அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் உள்ளது ஏரி நாடு. விண்டமியர், அல்ஸ்வோட்டர், கிராஸ்மியர் எனப் பல ஏரிகளும், 978 மீற்றர் உயரமுள்ள ஸ்கபெல் பைக் என்னும் இங்கிலாந்தின் அதியுயர்ந்த சிகரமும் இங்கேதான் இருக்கின்றன. ஆயினும் இதனை அழகென்று எல்லோரும் எப்போதும் கருதியதில்லை. 1720களில் இப்பகுதியைப் பற்றி எழுதிய டானியல் டீபோவுக்கு இது பயனற்ற, அச்சமூட்டும் காட்டு நிலமாகவே தோன்றியது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ரசனை மாறிற்று. 1778இல் தோமஸ் வெஸ்ட் என்னும் பாதிரியார் எழுதிய வழிகாட்டி நூல், எந்த ஏரியை எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டுமென்று வகுத்துக் கொடுத்தது. கனவான்கள் வண்டிகளில் வந்து இறங்கினர். நிறம் பூசிய சிறு கண்ணாடி ஒன்றைக் கையிற் பிடித்து, மலைக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடிக்குள் தெரியும் மலையைச் சித்திரம்போல் ரசித்துத் திரும்பினர்!

இந்த வேடிக்கைக்கு எதிர்த்திசையில் வந்தவர் வில்லியம் வேட்ஸ்வேர்த். ஏரி நாட்டிலேயே 1770இற் பிறந்த அவர், 1799 டிசம்பரில் தங்கை டொரதியுடன் கிராஸ்மியரில் ஒரு சிறு வீட்டிற் குடியேறினார். அவருக்கு மலை என்பது நின்று பார்க்கும் படமன்று. நடந்து அறியும் உறவு. தம் வாழ்நாளில் அவர் ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம் மைலுக்குக் குறையாமல் நடந்திருப்பார் என்று தோமஸ் டி குவின்சி கணக்கிட்டார். அவருடைய நண்பர் கோல்ரிட்ஜோ 1802 ஓகஸ்டில் தனியாக ஸ்கபெல் சிகரத்தில் ஏறி, செங்குத்தான பாறை வழியே உயிரைப் பணயம் வைத்து இறங்கினார். பொழுதுபோக்குக்கான பாறையேற்றத்தின் ஆரம்பப் பதிவுகளுள் ஒன்றாக அவருடைய கடிதம் இன்று மதிக்கப்படுகிறது.

பள்ளியில் ஆங்கிலம் கற்ற நம்மவர் பலருக்கும் தெரிந்த டபடில் மலர்க் கவிதையும் ஒரு நடையிற் பிறந்ததே. 1802 ஏப்ரல் 15ஆம் திகதி அண்ணனும் தங்கையும் அல்ஸ்வோட்டர் கரையோரமாக நடந்து வந்தபோது அம்மலர்களைக் கண்டனர். டொரதி அன்றைய காட்சியைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அண்ணனின் கவிதை அச்சில் வந்தது 1807இல். கவிதையிலே கவிஞர் தனியாக உலாவுகிறார். நாட்குறிப்பிலே இருவர் நடக்கின்றனர். இந்த வேறுபாட்டை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டத் தவறுவதில்லை.

வேட்ஸ்வேர்த் கவிதை மட்டும் எழுதவில்லை. 1810இல் வேறொருவரின் சித்திரத் தொகுதிக்குப் பெயரிடாத முன்னுரையாக அவர் எழுதியது, பின்னர் வளர்ந்து ஏரி நாட்டுக்கான தனி வழிகாட்டியாயிற்று. அதன் ஐந்தாம் பதிப்பு 1835இல் வந்தது. மலைச்சாரலிற் பளீரென்று தெரியும் வெள்ளை வீடுகளையும், வரிசையாக நட்ட அந்நிய மரங்களையும் அவர் அதிற் கண்டித்தார். அனைத்துக்கும் மேலாக, காணக் கண்ணும் அனுபவிக்க நெஞ்சும் உடைய ஒவ்வொருவருக்கும் இந்நிலத்தில் உரிமை உண்டு என்ற கருத்தை அதிலே வைத்தார். நாட்டின் பொதுச் சொத்தாக இயற்கையைக் காணும் சிந்தனைக்கு இது வித்து எனலாம்.

ஆனால் அந்த ‘ஒவ்வொருவர்’ யார்? 1844இல் கெண்டல் நகரிலிருந்து விண்டமியருக்குப் புகையிரதப் பாதை அமைக்கும் திட்டம் வந்தது. அப்போது அரசவைக் கவிஞராக இருந்த வேட்ஸ்வேர்த் அதனை எதிர்த்து ஒரு கவிதையும், ‘மோர்னிங் போஸ்ட்’ பத்திரிகைக்கு நீண்ட கடிதங்களும் எழுதினார். இயற்கையை ரசிக்கும் மனம் மெல்ல மெல்லப் பழகி வருவது. ஆலைத் தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாக ஒரு நாளைக்குக் கொண்டுவந்து கொட்டுவதால் அவர்களுக்கும் நன்மையில்லை, ஏரிகளுக்கும் நன்மையில்லை என்பது அவர் வாதம். ஏழை இடையரையும் பிச்சைக்காரரையும் கவிதையின் நாயகராக்கிய கவிஞரிடமிருந்து இச்சொல் வந்ததுதான் வியப்பு. 1847இற் புகையிரதம் விண்டமியருக்கு வந்து சேர்ந்தது. அதற்கப்பால் கிராஸ்மியர் நோக்கி அது செல்லவில்லை.

அவர் விதைத்த கருத்தோ வளர்ந்தது. ஏரி நாட்டின் பாதிரியார் ஹார்ட்விக் ரோன்ஸ்லி, ஒக்டேவியா ஹில், ரொபேட் ஹன்டர் ஆகிய மூவரும் 1895இல் தேசிய நம்பிக்கை நிதியத்தை நிறுவினர். அழகிய நிலங்களை வாங்கி, மக்களுக்காக என்றென்றும் காப்பது அதன் நோக்கம். சிறுவர் கதைகளால் உலகப் புகழ்பெற்ற பீட்ரிக்ஸ் பொட்டர் 1943இல் மறைந்தபோது, ஏரி நாட்டில் தமக்கிருந்த நாலாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை இந்நிதியத்துக்கே விட்டுச் சென்றார்.

இனி, ஏரி நாட்டுக்குத் தென்கிழக்கே, மன்செஸ்டருக்கும் ஷெபீல்டுக்கும் இடையே உள்ள பீக் மலைநாட்டுக்குச் செல்வோம். பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியார் உடைமையாக்கும் சட்டங்கள் 1604 முதல் 1914 வரை 5,200க்கு மேல் இங்கிலாந்துக்கென நிறைவேறின. நாட்டின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவற்றால் அடைபட்டது. ஆலைப் புகையில் ஆறு நாளும் உழைத்தவன் ஞாயிறன்று நிமிர்ந்து பார்த்தால் கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலம் கண்ணுக்குத் தெரியும். கால் வைக்க முடியாது. ஆண்டிற் சில நாள் பிரபுக்கள் பறவை வேட்டையாடுவதற்காக அது காவலரால் அடைத்து வைக்கப்பட்டிருந்தது. மலைகளில் நடக்கும் உரிமை கோரி 1884இல் ஜேம்ஸ் பிரைஸ் கொண்டுவந்த மசோதாவும், அதன் பின் வந்த பலவும் பாராளுமன்றத்தில் தோற்றன.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. பென்னி ரொத்மன் என்ற இருபது வயது இளைஞரின் தலைமையில் சில நூறு தொழிலாளர் ஹேபீல்ட் என்ற ஊரிலிருந்து பாடிக்கொண்டு மலையேறினர். காவலருடன் சிறு கைகலப்பு நடந்தது. மறுபுறத்திலிருந்து ஷெபீல்ட் தொழிலாளர் ஏறிவந்து இவர்களோடு கலந்தனர். திரும்பி இறங்கியபோது பொலிஸார் காத்திருந்தனர். ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கிடைத்தது. ரொத்மனுக்கு நான்கு மாதம். மலைமேல் நடந்ததற்காகச் சிறையா என்று நாடே கேட்டது. அதுவரை விலகி நின்ற பல நடையாளரையும் அத்தண்டனை ஒன்றுபடுத்திற்று.

போர் முடிந்தபின் தொழிற்கட்சி அரசாங்கம் 1949இல் தேசியப் பூங்காச் சட்டத்தை இயற்றியது. 1951இல் முதற் பூங்காவானது பீக் மலைநாடு. அடுத்து வந்தது ஏரி நாடு. பத்திரிகையாளர் டொம் ஸ்டீபன்சன் 1935இல் ஒரு கட்டுரையிற் கனவாக எழுதிய பெனைன் நெடும்பாதை, 1965 ஏப்ரல் 24ஆம் திகதி, கிண்டர் நடையின் அதே நாளில், திறக்கப்பட்டது. கிண்டரின் அடிவாரமான ஈடேலில் தொடங்கி, ஸ்கொட்லாந்து எல்லை கடந்து முடியும் அப்பாதை ஏறக்குறைய 268 மைல் நீளமானது. 2000ஆம் ஆண்டின் சட்டமோ, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மலை, மேட்டுநிலம், பொதுநிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையைத் தந்தது. எனினும் இங்கிலாந்தின் நிலத்தில் நூற்றுக்கு எட்டு அளவே இதற்குள் அடங்கும். வழக்கும் ஓயவில்லை. டார்ட்மூர் மேட்டுநிலத்திற் கூடாரமிட்டு இரவு தங்கும் உரிமையை உயர்நீதிமன்றம் 2025இல் தான் உறுதி செய்தது.

கவிஞரின் அச்சம் முற்றிலும் பொய்யன்று. 2017இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற ஏரி நாட்டுக்கு ஆண்டுதோறும் ஒரு கோடியே ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வருகின்றனர். அவர்கள் காலடியில் தேய்ந்த மலைப்பாதைகளுக்குத் தொண்டர்கள் கல் பதித்து வருகின்றனர். ஆனால் அப்படிக் கல் சுமப்பவர்களே, ரசனை ஒரு வர்க்கத்தின் தனியுடைமை என்ற எண்ணத்துக்குப் பதிலாக நிற்கிறார்கள். போக அனுமதிக்கப்பட்ட இடத்தைத்தான் மனிதன் பேணக் கற்றுக்கொள்கிறான்.

2002இல், கிண்டர் நடையின் எழுபதாம் ஆண்டு நிறைவில், டெவன்ஷயர் கோமகன் அம்மலையடிவாரத்துக்கு வந்து, தம் பாட்டனார் இழைத்தது பெருந்தவறு என்று பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ரொத்மன் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் காதில் அது விழவில்லை. அவர் திறந்த வழியிலே மக்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள்.